வேலிக்கு முன்னால் தூக்கிய கை

கோம்பாவித் துறை மீனவர் சங்கம் அந்த ஆண்டின் வசந்தச் சுற்றுலாவுக்கு வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் எல்லை வேலியைத் தேர்ந்தெடுத்தது. சங்கத் தலைவர் கூ மான்-சோக் அதை அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நடுவரிசையில் உட்கார்ந்திருந்த யோம் கி-தேக்கும் தட்டினார். மற்றவர்களுக்கு முந்தித் தொடங்கவில்லை, பிந்தி நிறுத்தவும் இல்லை. எழுபத்தோரு வயதுக்குள் அவர் நன்றாகப் பழகிவைத்திருந்த வித்தை அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வியர்த்தது.

"முழங்கால் வலின்னு சொல்லிட்டு வீட்லயே இருங்க" என்றாள் மனைவி ஓக்-புன், முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தாமல்.

"நேத்துதான் படகைத் தனியாளா மேட்டுல ஏத்தினேன். துறையே பார்த்துச்சு."

"அப்ப போயிட்டு வாங்க."

"போனா, 'பாரு, வடக்கைப் பார்க்க எப்படி அலையறான்'னு சொல்லுவாங்க. போகலேன்னா, 'வேலின்னதும் ஏன் இவனுக்கு வயித்தைக் கலக்குது'ன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் பயப்படப்போறேன்?"

 இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல. புதிதாக இருந்தது ஒன்றுதான்: அடுத்த வியாழக்கிழமை. அன்றைக்கு மறுவிசாரணையின் தீர்ப்பு. ஐம்பது ஆண்டுக்கு முன் அவர்மேல் விழுந்த குற்றம் நிற்குமா, விலகுமா என்று தெரிந்துவிடும். சுற்றுலாவோ அதற்கு முந்திய சனிக்கிழமை. அந்த இடைவெளிக்குள் யாராவது ஒருவர் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எங்காவது சொல்லிவிட்டால் போதும், எல்லாம் போய்விடும் என்று யோம் நம்பினார். அப்படியெல்லாம் ஆகாது என்று வக்கீல் இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டாவது முறை ஏன் சொன்னார் என்பது யோமுக்கு இன்னும் விளங்கவில்லை.

1971-ஆம் ஆண்டு கோடையில், பத்தொன்பது வயதில், கணவாய் பிடிக்கப் போன படகில் சோறு வடிக்கும் ஆளாக அவர் ஏறினார். மூடுபனி கவிந்தது. பனிக்குள்ளிருந்து வடக்கின் ரோந்துப் படகு வந்து கயிறு கட்டி இழுத்துப்போனது. ஓர் ஆண்டு அங்கே அடைத்துவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் இறங்கிய அன்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்தது விசாரணை அறையின் சுவரை. வேண்டுமென்றே கடல் எல்லைக்கோட்டைத் தாண்டினான், அங்கே சொல்லிக்கொடுத்ததைச் சுமந்துகொண்டு வந்தான் என்று எழுதியிருந்த தாளில் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார்கள். அந்த விரலை அவர் தானாகக் கொடுக்க எத்தனை இரவு ஆயிற்று என்பதை ஓக்-புன்னிடம்கூட அவர் சொன்னதில்லை. சிறைக்குப் போய் வந்தார். அந்தப் படகில் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

சிறை முடிந்தது, கண்காணிப்பு முடியவில்லை. வாராவாரம் ஓர் அதிகாரி வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்பார்: "செவ்வாய்க்கிழமை வலையில நாக்குமீன் நிறைய விழுந்துச்சாமே? அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் கடல்ல இருந்தீங்க?" வலையில் விழுந்த மீன்வரை அவருக்குத் தெரிந்திருந்தது. துறையில் யாரோ ஒருவர் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்று யோம் ஐம்பது ஆண்டாகத் தேடிக்கொண்டிருந்தார். வலை விற்க வந்தவனே இன்னொரு நாள் காப்பீட்டுக்காரனாக வந்து வேவு பார்த்தான். மகள் மி-ரான் ஆசிரியர் தேர்வில் தேறியபோது, குடும்ப விவரம் சரியில்லை என்று வேலை மறுக்கப்பட்டது. மறுவிசாரணைக்கு மனுப் போட்டவள் அவள்தான்.

அதிகாரிகள் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது என்பாள் ஓக்-புன். முன்பெல்லாம் வருவது தெரியும்படி வந்தார்கள், இப்போது தெரியாதபடி வருகிறார்கள் என்பார் யோம்.

அதனால் அவருக்குச் சில பழக்கங்கள் படிந்திருந்தன. கடலைத் தவிர வேறு எங்கேயும் சாட்சிக்கு ஆளில்லாமல் போகமாட்டார். கழிப்பறைக்குப் போவதானாலும் பக்கத்தில் இருப்பவரை "வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். கரையில் வடக்கிலிருந்து துண்டுப்பிரசுரம் ஒதுங்கிக் கிடந்தால் குனிய மாட்டார். நின்ற இடத்திலிருந்தே ஆளைக் கூப்பிடுவார். படகு எங்கே இருக்கிறது என்று கரையோரக் காவலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டியை மற்ற மீனவர்கள் திட்டுவார்கள். யோம் அதைத் தினமும் நல்ல துணியால் துடைப்பார். உலகத்திலேயே அவரைப் பற்றிப் பொய் சொல்லாத ஒரே சாட்சி அது.

அந்தப் பெட்டி வழியாக அரசாங்கத்துக்குத் தெரிந்த, அவர் வலை போடும் இடம் துறையில் வேறு யாருக்கும் தெரியாது. மற்ற வலைகள் காலியாக வரும் நாளிலும் யோமின் வலையில் நாக்குமீன் கனக்கும். கடலில் இன்னொரு படகு கண்ணில் பட்டால் அவர் வலையே போடாமல் திரும்பிவிடுவார். துறையில் இது பழைய வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை பேருந்தில் எல்லாரும் ஏறிய பிறகு யோம் ஏறினார், நடுவில் ஓர் இருக்கையைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பின்னால் இருந்த ஆளைப் பார்த்தார். சாம்பல் நிறத் தொப்பி. பியோ.

பியோ துறைக்கு வந்தது குளிர்காலத்தில். வலைக்கிடங்குக்கு மேலே அறை எடுத்திருந்தான். வயது நாற்பதுக்கு மேல். நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தவன், மீன்பிடி கற்க வந்திருக்கிறான் என்று பேச்சு. ஆனால் கோம்பாவித் துறையில் எந்தப் படகிலும் அவன் ஏறி யோம் பார்த்ததில்லை. படகுகளைப் படம் எடுப்பதைத்தான் பார்த்திருக்கிறார். அவன் பக்கத்தில் போனால் மீன் வாடைக்குப் பதில் சோப்பு வாடை வரும்.

"இவன் எப்படி இங்கே?" என்று யோம் கூவிடம் மெல்லக் கேட்டார்.

"சங்கத்துல சேர மனுக் கொடுத்திருக்கான். இடம் காலியா இருந்துச்சு, வரட்டும்னேன்."

"உனக்கு இவனைத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? ஏதோ நகரத்து ஆளு." கூ தன் வலக்கையால் யோமின் தோளைத் தட்டினார். அந்தக் கையில் இரண்டு விரல் கிடையாது. வலை இழுக்கும் உருளை இளமையில் வாங்கிக்கொண்டது. "நீ ஜன்னல் பக்கம் வாயேன். கடல் நல்லாத் தெரியும்."

"இங்கேயே இருக்கேன்."

"ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா என்னடா, வடக்குக்காரன் கை நீட்டித் தூக்கிட்டுப் போயிடுவானா?"

பேருந்து சிரித்தது. யோமும் சிரித்தார். பின்னிருக்கையில் சிரிப்புச் சத்தம் வரவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டார்.

எல்லைப் பதிவுக் கூடத்தில் அடையாள அட்டைகளை வாங்கினார்கள். யோமின் அட்டையை இயந்திரம் படிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மற்றவர்களுக்கும் அதே நேரம்தான் எடுத்தது. ஆனால் மற்றவர்கள் யாரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வழிகாட்டி போங்-ஹி அதே மாவட்டத்துப் பெண், கணீரென்ற குரல். கழுத்தில் தொங்கிய ஒலிபெருக்கி தேவையே இல்லை.

"பெரியவங்களே, கேட்டுக்கோங்க. வேலியைத் தொடக்கூடாது. பாதையை விட்டு இறங்கக்கூடாது, சிவப்பு முக்கோணம் இருக்கிற பக்கமெல்லாம் கண்ணிவெடி. கண்காணிப்பு மேடையில வடக்குப் பக்கம் படம் எடுக்கக்கூடாது. கத்தக்கூடாது, கையாட்டக்கூடாது, சைகை எதுவும் காட்டக்கூடாது. அந்தப் பக்கமும் தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க."

"அவங்களுக்கு எங்க மூஞ்சியைப் பார்க்கத் தலையெழுத்தா?" என்றார் ஒருவர்.

"உங்க மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் அண்ணே இந்தப் பக்கம் வராம இருக்காங்க" என்றாள் போங்-ஹி.

யோம் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஒப்பித்தார். தொடக்கூடாது. இறங்கக்கூடாது. ஆட்டக்கூடாது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டார். உடனே, பைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று நினைப்பார்களே என்று தோன்ற, வெளியே எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முன்னால் ஒரு படைவீரன், பின்னால் ஒரு படைவீரன், நடுவில் கோம்பாவித் துறையார். இடப்பக்கம் கண்ணிவெடிக்காடு, வலப்பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் கடல். கம்பிகளின் கண்களில் இடைவிட்டு இடைவிட்டுக் கூழாங்கற்களைச் செருகியிருந்தார்கள். யாராவது கம்பியை அறுத்தாலோ அசைத்தாலோ கல் விழும், காலையில் ரோந்து வரும் வீரன் கண்டுகொள்வான்.

பாதி வழியில் ஒரு கல் விழுந்தது.

சின்னச் சத்தம்தான். எல்லாரும் நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தது யோமை. அவர் வேலியிலிருந்து மூன்று ஆள் தள்ளி, பாதையின் மறுஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார்.

"மன்னிக்கணும், என் பை பட்டுடுச்சு" என்றான் பியோ.

வீரன் வந்து கல்லை எடுத்துப் பழைய இடத்தில் செருகினான். நடை தொடர்ந்தது.  பைக்காரன் பியோவாக இருக்கும்போது கண்ணெல்லாம் ஏன் தன்மேல் விழுந்தது என்று யோம் யோசிக்கவில்லை. அது அவருக்குப் பழகிப்போனது. பியோவின் பை ஏன் அந்த இடத்தில் வேலியில் பட்டது என்றுதான் யோசித்தார். கல் விழுந்தால் கிழவன் எப்படி முழிக்கிறான் என்று பார்க்கவா?

அடுத்த கழிப்பறையில் கூவைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"ஏண்டா, ஐம்பது வருஷமா உன் பின்னாடி நின்னு நின்னு என் ஆயுசே இதுல கழியுது" என்று கதவுக்கு வெளியே நின்று அலுத்துக்கொண்டார் கூ. "சீக்கிரம் வா. மேடையில மேகம் விலகுதாம், மலை பளிச்சுனு தெரியுதாம்."

"நான் கீழேயே இருக்கேனே."

"கீழே இருக்கணும்னா தனியாத்தான் இருக்கணும். எல்லாரும் மேலே போறோம்."

கூ அதைச் சொன்ன விதம் யோமுக்குப் பிடிக்கவில்லை. தன்னை மேலே கொண்டுபோவதில் இவனுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு? ஆனால் தனியாக இருக்க முடியாது. ஏறினார்.

மேடையில் காற்று உப்பாக அடித்தது. மேகம் விலகித்தான் இருந்தது. வடக்கே சிகரங்கள் ரம்பப் பற்களாக நின்றன. கீழே கடலுக்குள் பாறைகள் சிதறிக் கிடந்தன. அவர் கடலில் தினமும் பார்க்கும் சிகரங்கள்தான், தினமும் பார்க்கும் பாறைகள்தான். வேறு பக்கத்திலிருந்து பார்ப்பதால் அவை இடம் மாறி நின்றன. குட்டைச் சிகரம் நெட்டைச் சிகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. எருமைப் பாறை இருக்கவேண்டிய இடத்தில் வேறு பாறை நின்றது. எங்கே அது? கொஞ்சம் தெற்கே தள்ளியா?

யோமின் வலக்கை மேலே போனது. முழுக்க நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடினார். உச்சி இரண்டாகப் பிளந்த சிகரத்தில் கட்டைவிரலை வைத்து, அங்கிருந்து முட்டியளவு நகர்த்தி, எருமைப் பாறையில் நிறுத்தினார். திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், வலை போடும் இடத்தைக் கடலில் கண்டுபிடிக்க அப்பா சொல்லிக்கொடுத்தது. கரைக்குறி பார்ப்பது என்பார்கள். தூக்கத்தில் கொசு கடித்தால் கை தானாகப் போகுமே, அப்படித்தான் போனது.

"பெரியவரே! கையை இறக்குங்க!"

போங்-ஹியின் குரல் மேடையையே உலுக்கியது. யோம் தன் கையைப் பார்த்தார். அது வடக்கை நோக்கி, எல்லாரும் பார்க்க, ஆடிக்கொண்டிருந்தது.

இறக்கினார்.  பின்னால் நின்ற வீரன் ஓரடி முன்னால் வந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், தூணுக்கு அருகே, பியோ தன் கைபேசியை மார்பளவில் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் கண் யோமைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐம்பது ஆண்டு. ஒருமுறைகூடத் தவறாத கை. வியாழக்கிழமைக்கு முன்னால்.

கண்காணிக்கப்பட்டவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. மற்றவன் சொல்வதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிடுவது. யோம் நேராக வீரனிடம் போனார்.

"தம்பி, எழுதிக்கோ. என் பேர் யோம் கி-தேக், கோம்பாவித் துறை. நான் கையைத் தூக்கினேன். மீன் குறி பார்க்கத்தான் தூக்கினேன். வேற எதுவும் இல்லை."

வீரனுக்குப் பேரன் வயது. அவன் போங்-ஹியைப் பார்த்தான். "பரவாயில்ல தாத்தா. இனிமே தூக்காதீங்க, போதும்."

"எழுதிக்கலையா?"

"எதை எழுதறது?"

"நான் கையைத் தூக்கினதை. நானே வந்து சொன்னதை. ரெண்டையும் எழுதணும்."

"அப்படியெல்லாம் நாங்க எழுதறதில்ல தாத்தா. போன வாரம் ஒருத்தர் இங்கே நின்னு குத்தாட்டமே போட்டாரு."

"அப்ப யாரு எழுதறா?"

வீரன் கொஞ்சம் யோசித்தான். "யாரும் எழுதல" என்றான்.

யோம் அவன் முகத்தையே பார்த்தார். இவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தார்.

கீழே இறங்கியதும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கோதுமைக் குளிர்நூடுல்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். பியோ மட்டும் வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்று கைபேசித் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். யோம் ஐம்பது ஆண்டில் முதல் முறையாக, சாட்சிக்கு யாரும் இல்லாத இடத்தில் ஓர் ஆளிடம் நடந்துபோனார்.

"எந்தப் போலீஸ் நிலையத்துக்காரன் நீ?"

பியோ திடுக்கிட்டான். "என்ன பெரியப்பா?"

"பெரியப்பாவாம். உங்காளுங்க என்னை மாமான்னாங்க, அண்ணன்னாங்க, என் வீட்டுக் கிம்ச்சியைத் தின்னாங்க. நீ பெரியப்பான்னு சொல்லு. எனக்கென்ன? எந்த நிலையம்?"

"நான் மீன்பிடி கத்துக்க வந்தவன்..."

"எந்தப் படகுல? எங்க துறையில எந்தப் படகுலயும் உன்னைப் பார்க்கலையே."

பியோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான்.  பேருந்தின் படிக்கட்டில் ஒரு கயிறு கிடந்தது. ஓட்டுநர் கதவைக் கட்டிவைப்பது. யோம் அதை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"படகு கட்டற முடிச்சு போடு."

"இப்பவா?"

"காவல்காரனுக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுப்பாங்க. முடிச்சுக் கத்துக்கொடுக்க மாட்டாங்க. போடு."

பியோ கயிற்றை வாங்கினான்.  இடக்கையால் வளையம் எடுத்து, கயிற்றைத் தலைகீழாகச் சுற்றி, மூன்று விரலால் இழுத்து, தடுமாறி, ஒரு முடிச்சைப் போட்டான். யோம் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் எல்லாரும் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. இந்தக் கடற்கரை முழுவதிலும் இப்படி முடிச்சுப் போடுகிறவன் ஒரே ஒருவன்தான், வலக்கையில் இரண்டு விரல் இல்லாதவன். வலக்கை முழுசாக இருக்கிற இந்த ஆள், அவனுக்கு இல்லாத இரண்டு விரலைத் தானும் மடக்கிக்கொண்டு முடிச்சுப் போட்டான். பார்த்ததை அப்படியே கற்றிருக்கிறான்.

"கூ" என்றார் யோம்.

பியோ தலைகுனிந்தான். "அடுத்த துறையில அவரு மகனோட படகு இருக்கில்ல, அதுலதான் மூணு மாசமா வேலை செய்யறேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. 'கிழவன் அந்த மலையைப் பார்த்தா கை சும்மா இருக்காது, எந்தச் சிகரம் எந்தப் பாறைன்னு மட்டும் பார்த்துச் சொல்லு, மீதியை நான் கடல்ல கண்டுபிடிச்சுக்கறேன்'னு..."

"எதுக்கு?"

"நாக்குமீனுக்கு."

யோம் கயிறும் கையுமாக நின்றார். கூ சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தவர், கயிற்றையும் பியோவின் முகத்தையும் பார்த்ததும் பாதி வழியில் நடையைக் குறைத்தார்.

"நாக்குமீனுக்கா?" என்றார் யோம். குரலை உயர்த்தவில்லை. பேருந்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார். "நாக்குமீனுக்காக என்னை வேலிக்கு முன்னால கொண்டுவந்து நிறுத்தினியா?"

"நீ செத்தா அந்த இடமும் உன்னோட போயிடும்டா. உனக்குப் பையன் இல்லை. எத்தனை தடவை கேட்டிருக்கேன்?"

"வியாழக்கிழமை எனக்கு என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும். தீர்ப்பு."

"ரெண்டு வருஷம் உள்ளே இருந்தவன் வடக்கைப் பார்த்துக் கையாட்டற படம் இவன் பையில இருக்கு."

 அது கூவுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மூன்று மாதமாகத் திட்டம் போட்டிருந்தார். சிகரத்தை நினைத்தார், பாறையை நினைத்தார், மீனை நினைத்தார். யோம் யார் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

"அழிடா அதை" என்றார் கூ. பியோ அவசர அவசரமாக அழித்தான். யோம் பார்த்தார், நம்பவில்லை.

"வேணும்னா கைபேசியையே வச்சுக்கோங்க பெரியப்பா. வியாழக்கிழமைக்கு அப்புறம் கொடுங்க."

"அடுத்தவன் கைபேசி என் வீட்லயா? இதுக்குமேல அதுவும் வேணுமா எனக்கு?" யோம் கூவின் பக்கம் திரும்பினார். ஐம்பது ஆண்டாகத் தொண்டையில் நின்ற கேள்வி வெளியே வந்தது. "அப்ப என்னைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்ததும் நீதானா?"

"எப்ப?"

"எப்பவும். மீன் எத்தனை, வீட்டுக்கு யார் வந்தா, எப்ப விளக்கை அணைச்சேன்."

கூ வேலிப் பக்கம் பார்த்தார். "சொன்னேன்" என்றார். "நான் மட்டுமா? மளிகைக்கடைக்காரி சொன்னா. ஐஸ் கம்பெனிக்காரன் சொன்னான். என் தம்பி சொன்னான். எல்லார்கிட்டயும் கேட்டாங்கடா, எல்லாரும் சொன்னோம். உன்கிட்ட என்னைப் பத்திக் கேட்டதில்லையா?"

கேட்டிருந்தார்கள். கூ குடித்துவிட்டு என்ன உளறினான் என்று கேட்டிருந்தார்கள். யோம் சொல்லியும் இருந்தார். ஒருவனைத் தேடித் தேடி ஓர் ஆயுள் போயிற்று. ஒருவனே இல்லை. அவர் கயிற்றைப் படிக்கட்டில் போட்டுவிட்டு, பேருந்தில் ஏறி, நடு இருக்கையில் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் அவரிடம் யாரும் வேடிக்கை பேசவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அவர் கடலுக்குப் போகவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் செருப்பைத் தேடினார். ஓக்-புன்னிடம் மேடையில் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அந்தக் கூவுக்கு இந்த வருஷம் நம்ம வீட்டு மிளகாய்த்தூள் கிடையாது" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீதிபதி நடுவயதுப் பெண். தாளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினார். அந்த வாக்குமூலம் வாக்குமூலமே அல்ல, யோம் கி-தேக் குற்றமற்றவர், இத்தனை காலம் தாமதித்ததற்கு நீதிமன்றம் வருந்துகிறது. மேடையில் தூக்கிய கையைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மி-ரான் அழுதாள். யோம் எழுந்து வணங்கிவிட்டு, வாசலில் வக்கீலின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இனிமே யாரும் வரமாட்டாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க."

"வந்தா?"

"வந்தா, வெளியே போன்னு சொல்லுங்க."

அதைச் சொல்லலாம் என்று அவருக்கு இதற்கு முன் யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் முன் படகை எடுத்தார். பெட்டியைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது. துடைக்காமலே கிளம்பினார். கடல் அமைதியாக இருந்தது. வடக்கே சிகரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழுந்தன. பிளந்த சிகரம், எருமைப் பாறை, நடுவில் ஒரு முட்டி. கட்டைவிரலைத் தாழ்த்திப் பார்த்தார்.

அவருடைய இடத்தில், அச்சுப் பிசகாமல் அதே இடத்தில், ஒரு படகு நின்றது. கூவின் மகனின் படகு. பின்பக்கத்தில் கூ நின்று வலையை வாங்கிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் சாம்பல் தொப்பி கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வலை கனத்து ஏறியது. தட்டைத் தட்டையாக, பழுப்பும் வெள்ளையுமாக, நாக்குமீன்.

இன்னொரு படகைக் கண்டால் திரும்பிவிடுவதுதான் யோமின் வழக்கம். சத்தம் போடாமல், வந்த சுவடு தெரியாமல். யாரோடும் வாய்ச்சண்டை என்று துறையில் அவர் பேர் அடிபட்டதில்லை. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால், அந்த வார்த்தையைத் தாளில் எழுதி வைக்க ஆள் இருந்த காலம் அது. அவர் சுக்கானைத் திருப்பப் போனார். திருப்பவில்லை. நேராக விட்டார். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு துடுப்புத் தூரம் இருக்கும்போது எழுந்து நின்றார்.

"திருட்டு நாயே!"

கூ நிமிர்ந்தார். அந்தக் குரலை அவர் முன்பு கேட்டதில்லை. பியோ கயிற்றை விட்டுவிட்டான்.

"மூணு விரல் திருடா! எங்கப்பன் காட்டின இடம்டா இது! வெட்கமா இல்ல? வலையை எடு! எடுத்துட்டுப் போடா!"

"கடல் என்ன உங்கப்பன் வீட்டுக் கொல்லையா?" என்று கூ திருப்பிக் கத்தினார். வாய் முழுக்கச் சிரிப்பு. "குற்றமில்லாதவனுக்கு வாயைப் பாரேன்!"

"உன் மூஞ்சியில மீன் செதில் ஒட்ட! உன் உருளை மிச்ச விரலையும் முழுங்க! அந்த நகரத்தானுக்கு முடிச்சாவது ஒழுங்காச் சொல்லிக்கொடுடா, பார்க்கவே அருவருப்பா இருக்கு!"

"இன்னும் சத்தமா சொல்லுடா, கரையில கேட்கல!"

யோம் மூச்சை இழுத்து, படகு ஆடும்படி கால்களை அகட்டி வைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.